மறையாத கை

மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை மாயாவியின் உடல் முழுக்க மறைந்துவிடும். அந்தக் கை மட்டும் மறையாது. எந்தக் காவலையும் தாண்டி எந்த அறைக்குள்ளும் நுழைந்துவிடக்கூடிய ஒருவன், விபத்தில் இழந்த கைக்குப் பதிலாக மாட்டிக்கொண்ட அந்த இரும்பை மட்டும் ஒளித்துவைக்க வழியில்லாமல் அந்தரத்தில் ஏந்திக்கொண்டு அலைவான். குரல் உடைந்து, மீசை முளைத்தும் முளைக்காமலும், டவுசருக்கும் வேட்டிக்கும் நடுவில் எதை உடுத்துவது என்று தெரியாமல் நின்ற எங்களுக்கு அவன்மேல் அத்தனை பிரியம் வந்தது அந்தக் கையினால்தான் என்று இன்றைக்குத் தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், "ஆளே மறஞ்சு போறானல்ல, அதுதான்" என்று சொல்லியிருப்போம். பதிமூன்று வயதில் யாருக்குத்தான் மறைந்துபோக ஆசையில்லை? ஆனால் மறைந்துபோவது மட்டுமே அவனுடைய வேலையாக இருந்திருந்தால், இத்தனை வருஷம் கழித்து அவன் முகம்கூட நினைவில் நின்றிருக்காது.

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக அவனைத்தான் கொண்டுவந்தது. பத்து வருஷம் முன்பே, 1962-இல், பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்தவன். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல் என்ற அந்த ஆய்வக உதவியாளன், தனக்கு வாய்த்த சக்தியை முதலில் திருட்டுக்கும் கெடுதலுக்கும் பயன்படுத்திவிட்டுப் பிற்பாடுதான் உளவாளியாகி நல்ல வழிக்கு வந்தான். கெட்டுப்போய்த் திரும்பியவன் என்கிற இந்தச் சங்கதி எங்கள் கூட்டத்தில் பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த மகான்கள் யாருமே கெட்டுப்போனதாகக் குறிப்பு இல்லை.

கோவையை ஒட்டிய எங்கள் ஊரான அந்தக் காலத்துச் சரவணம்பட்டியை இப்போது சத்தி ரோட்டில் நின்று யாருக்கும் காட்ட முடியாது. ரத்தினகிரி முருகன் இருக்கும் குன்று அப்படியேதான் இருக்கிறது, அதைச் சுற்றியிருந்த சோளக்காடுதான் இல்லை. காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினால் டவுனுக்குப் போவதாக அர்த்தம். உக்கடத்தில் பழைய புத்தகக் கடைகள் இருந்தன. அங்கே அட்டை போன காமிக்ஸ்களும், நடுப்பக்கம் போனவையும், எல்லாவற்றையும்விடக் கொடுமையாகக் கடைசிப் பக்கம் போனவையும் குவிந்து கிடக்கும். வாங்கி வந்ததைக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஒருவன் உரக்கப் படிப்பான், மற்றவர்கள் தலைக்குமேல் எட்டிப் படம் பார்ப்பார்கள். கடைசிப் பக்கம் இல்லாத கதைக்கு நாங்களே முடிவு கட்டுவோம். ஆளுக்கு ஒரு முடிவு, அதற்கு ஒரு சண்டை. உங்கள் ஊரில் அது பாலத்துத் திண்டாகவோ கோயில் மண்டபமாகவோ இருந்திருக்கும். அந்தச் சண்டையில் உங்கள் பக்கம் பேசியவன் பெயர் இன்றும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நாங்கள் படிக்கும்போது, தோட்டங்களில் ஆடு மேய்க்கப் பண்ணையத்தில் இருந்த பையன்கள் கொஞ்சம் தள்ளி, வாய்க்கால் ஓரத்திலேயே நின்று கேட்பார்கள். கிட்டே வந்து உட்கார அன்றைய ஊர் வழக்கம் விடவில்லை. எங்கள் வயசுதான், சிலருக்கு இன்னும் குறைவு. மாயாவியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவன், யாருமே கேட்காததைக் கேட்டான்: "அந்தக் கை நோகுமுங்களா?" மாயாவி எந்தப் பெட்டகத்தை உடைத்தான், எந்த எதிரியை வீழ்த்தினான் என்பதெல்லாம் அவனுக்கு இரண்டாம்பட்சம். இளம் வயதினருக்கான கதைப் பாத்திரங்களைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையும் அந்தக் கேள்வி போன தூரத்துக்குப் போகவில்லை.

வீட்டில் அக்காவின் கட்சி வேறு. கல்கியில் 1950-லிருந்து 54 வரை வாரம் வாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' அத்தியாயங்களை யாரோ பொறுமையாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்பு, உறவுக்காரர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியது. இடையிடையே சில வாரங்கள் இல்லை. எனக்கு வந்தியத்தேவன் போதும். ராஜ்ஜியம் கைவிட்டுப்போன குலத்தில் பிறந்து, ஒரு குதிரையும் வாளும் தவிர வேறு சொத்து இல்லாமல், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதும் பொய் சொல்லித் தப்புவதுமாக ஊர் ஊராகப் போகிறவன். பெரிய பெரிய ராஜகுமாரர்களின் கதைக்குள் இவன் ஓலை கொண்டுபோகிற ஆள் மட்டும்தான். கல்கி அருள்மொழிவர்மனைக் கதையின் மையத்தில் வைத்துத் தலைப்பையும் அவனுக்கே கொடுத்தார். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அதை மரியாதையோடு ஏற்றுக்கொண்டு, ஓலைக்காரனின் பின்னாலேயே போனார்கள்.

அக்காவுக்குப் பூங்குழலி. கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள், இருட்டில் தனியாகக் கடலில் படகு விடுகிறவள், சதுப்பு நிலத்தில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி அவர்கள்தான் தன் காதலர்கள் என்று சொல்கிறவள். "ஆரையுங் கேக்காம படகை எடுத்துட்டுப் போறா பாரு கண்ணு" என்று அக்கா அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுவாள். அக்கா பக்கத்து ஊர் கணபதிக்குப் போவதானாலும் வீட்டில் கேட்க வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். வாடகைக்குப் புத்தகம் தரும் கடைக்குப் பெண்பிள்ளைகள் போவதில்லை என்பதால் அவள் படித்ததெல்லாம் நான் போய் எடுத்து வந்தவைதான். நந்தினியின் அழகோ குந்தவையின் அறிவோ அவளை அந்த அளவுக்குத் தொடவில்லை. தன் வாழ்க்கையில் எந்த இடம் காலியாக இருந்ததோ, அங்கே வந்து உட்காருகிறவளை அவள் தேர்ந்தெடுத்தாள்.

எண்பதுகள் பிறந்ததும் பாக்கெட் நாவல்களின் காலம் வந்தது. அதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ராஜேஷ்குமார் கோவைக்காரர். அவருடைய முதல் நாவல் 'வாடகைக்கு ஓர் உயிர்' 1980-இல் மாலைமதியில் வந்தது. அதன் பிறகு அவர் எழுதிக் குவித்தவற்றில் துப்பறியும் விவேக், ரூபலா, விஷ்ணு மூவரும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள்போல ஆகிவிட்டார்கள். காமிக்ஸில் லண்டனையும் நியூயார்க்கையும் பார்த்துப் பழகியவனுக்கு, அச்சில் அவினாசி ரோடு வந்தபோது ஏற்பட்ட சிலிர்ப்பு இருக்கிறதே, அதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கச் சொற்கள் போதவில்லை. பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா அணியும் பனியன்களில் என்ன வாசகம் இருக்கும் என்பதற்காகவே புதுப் புத்தகத்தை நடுவில் பிரித்தவர்கள் உண்டு. சுஜாதாவின் வக்கீல் வசந்த் அடிக்கடி ஆரம்பிக்கும் மெக்சிகோ சலவைக்காரி ஜோக்கை அவர் கடைசிவரை எழுதவேயில்லை. அதைச் சொல்லி முடிக்க எத்தனை விடுதி அறைகளில் எத்தனை பேர் முயன்றிருப்பார்கள்! எங்கள் கிணற்று மேட்டில் கடைசிப் பக்கம் கிழிந்துபோனது தற்செயல். சுஜாதா தெரிந்தே அந்தப் பக்கத்தை எங்களிடம் விட்டுவிட்டார்.

சரவணம்பட்டி 2011-இல் கோவை மாநகராட்சிக்குள் வந்தது. அதற்கு வெகு முன்பே, 1984-இல், குமரகுரு கல்லூரி வந்திருந்தது. பிறகு கீரணத்தம் பக்கம் ஐ.டி. பூங்கா, 2017-இல் சத்தி ரோட்டில் பெரிய மால், அவற்றுக்கு நடுவில் வரிசை வரிசையாக அடுக்குமாடிகள். பழைய தோட்டங்கள் இருந்த திசையில் எழும்பிய ஓர் அடுக்குமாடியில் தம்பி குடும்பம் இருக்கிறது. அவன் மகளுக்குப் பதினைந்து வயது. வேண்டிய புத்தகம் வேண்டிய நிமிஷத்தில் அவள் கைக்கு வந்துவிடுகிறது, எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கம் பத்திரமாக இருக்கிறது. எனக்கு அதில் ஒரு துக்கம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஒரு மாத இதழ் வரும்வரை, மாயாவி எந்த ஆபத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறானோ என்று கவலைப்பட்டபடியே களை எடுத்து, பரீட்சை எழுதி, திருவிழா பார்த்துத் திரிந்த அந்த இடைவெளியில்தான் அவன் எங்களுக்குள் வளர்ந்தான். ஆனால் அக்காவை நினைத்தால் அந்தத் துக்கம் வாய் மூடிக்கொள்கிறது. இந்தப் பெண்ணுக்குப் புத்தகம் எடுத்துவர எந்தத் தம்பியும் தேவையில்லை.

அவள் விரும்பிப் படித்தவர்களை ஒவ்வொருவராக எனக்கு அறிமுகப்படுத்தினாள். பெர்சி ஜாக்சன் ஒரு கடவுளின் மகன், ஆனாலும் அவனுக்கு எழுத்துகள் பக்கத்தில் மிதந்து இடம் மாறும், வகுப்பில் கவனம் நிற்காது. ரிக் ரியோர்டன் அவனை அப்படிப் படைத்தது, அதே சிரமங்கள் இருந்த தன் மகனுக்குச் சொன்ன கதையிலிருந்து. முதல் புத்தகம் 2005-இல் வந்தது. மேல்மாடிப் பையன்கள் உயிரை விடும் ஜப்பானியப் படக்கதை நாயகன் நருட்டோ, தன்னுள்ளே அடைக்கப்பட்ட ஒன்பது வால் நரிக்காக ஊரே ஒதுக்கிவைத்த அநாதை. கிராண்டேலின் கை, பெர்சியின் எழுத்து, நருட்டோவின் நரி என்று அவள் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். வீரம் என்பது எந்தப் பாத்திரத்துக்கும் எளிதில் கிடைத்துவிடும். மறைக்க முடியாத ஒன்று இருந்து, அதை வைத்துக்கொண்டே உலகத்துக்குள் நடந்து போகிறவனைத்தான் அந்த வயது தன் ஆளாக எடுத்துக்கொள்கிறது.

'தி அவுட்சைடர்ஸ்' அவளுடைய பரிந்துரை. எஸ்.ஈ. ஹின்டன் அதைப் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினார், 1967-இல் அது வெளிவந்தபோது அவருக்குப் பதினெட்டு. அமெரிக்காவின் டல்சா நகரத்தில், தன் பள்ளியில் தன் கண்முன் அடித்துக்கொண்ட ஏழைப் பையன்களும் பணக்காரப் பையன்களும் எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்ற கோபத்தில் எழுதியது. அதைப் படித்து முடித்தபோதுதான் எனக்கு எங்கள் ஊர் நினைவு கனத்தது. மாயாவி பிரிட்டனிலிருந்தும் வந்தியத்தேவன் ஆயிரம் வருஷத்துக்கு முந்தியும் வந்தவர்கள். வாய்க்கால் ஓரத்தில் நின்று கேட்டவன் எந்தக் கதையில் வந்தான்?

வந்திருக்கிறான். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000-இல் வெளியானது. கவுண்டர் தோட்டத்தில் பண்ணையத்தில் இருந்து ஆடு மேய்க்கும் கூளையனும், அவன் கூட்டாளிகள் நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டியும், பண்ணையக்காரர் மகன் செல்வனும் உலவும் அந்த மேட்டுக்காடு திருச்செங்கோட்டுப் பக்கத்தது. பனையும் ஆடும் வெயிலும் பேச்சும் எங்களுடையவை. செல்வன் கூளையனுக்குச் சிநேகிதனும் எஜமானனுமாக ஒரே சமயத்தில் இருக்கிற அந்தச் சங்கடத்தை அவர் எழுதியிருக்கும் விதம், நாங்கள் எல்லோரும் வாழ்ந்தும் வாய்விட்டுச் சொல்லாதது. அவருடைய முதல் நாவல் 'ஏறுவெயி'லில் (1991) குடியிருப்புக் காலனிக்காக நிலம் போன குடும்பத்தின் கதையை ஒரு பையனின் கண்வழியே பார்க்கிறோம். சரவணம்பட்டியில் எந்த அடுக்குமாடியின் பால்கனியில் உட்கார்ந்தும் அதைப் படிக்கலாம். இரண்டும் பெரியவர்களின் இலக்கிய அலமாரியில் இருக்கின்றன. பதினாறு வயதுக்காரர்களின் கையில் யாரும் அவற்றைக் கொடுப்பதில்லை. தமிழில் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை, யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இலும், உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-இலும் பால சாகித்திய புரஸ்கார் பெற்றன. ஆனால் அந்த வயதைத் தாண்டி, பெரியவர் வயதை எட்டாமல் நிற்கிற பிள்ளைக்கென்று நம் புத்தகக் கடையில் ஒரு தட்டு கிடையாது. அந்த நாலைந்து வருஷமும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே வளர்கிறார்கள். திரும்பி வருகிறவர்கள் குறைவு.

தம்பி மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். 'கூளமாதாரி'யைக் கொடுத்து, புரியாத இடத்தில் கேள் என்று சொல்லியிருந்தேன். முதலில் ஆட்டு வகைகளையும் பனம்பழத்தையும் பற்றிக் கேட்டாள். பிறகு கூளையனுக்கு ஏன் கூலி கையில் வருவதில்லை என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல ஒரு சாயங்காலம் முழுக்கத் தேவைப்பட்டது, எங்கள் தோட்டம், வாய்க்கால் எல்லாம் அதில் வந்தன. அப்புறம் பல நாள் கேள்வியே இல்லை, விட்டுவிட்டாள்போல என்று நினைத்தேன்.

"பெரியப்பா, அது அப்படி முடியக் கூடாதுங்க" என்று ஒரு நாள் போனில் கூப்பிட்டாள். குரலில் நல்ல கோபம். ஆசிரியர் அப்படித்தானே எழுதியிருக்கிறார் என்றேன். "அவரு எழுதட்டுமுங்க. நான் கிணத்துக்கிட்ட இருந்து மாத்திட்டனுங்க" என்றாள். எத்தனை பக்கம், தமிழிலா ஆங்கிலத்திலா, கூளையன் எந்தப் பக்கம் போகிறான், எதற்கும் பதில் இல்லை. எழுதி முடித்த பிறகுதான் காட்டுவாளாம்.