பேட்டரி போவதற்குள்

மழைக்காலம் தொடங்கியதும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், கொல்லையில் கவிழ்க்காமல் விட்ட கொட்டாங்குச்சி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, எதையும் விட மாட்டார்கள். கொசுப்புழு நெளிந்தால் அபராதம். நல்ல காரியம்தான். அப்படியே அடுத்த தெருவில் இருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளும் ஒரு எட்டு போய்வந்தால் புண்ணியமாகப் போகும். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிற்கும் கார்களில் கண்ணாடி போன ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஓர் ஆம்னி வேனின் தரை துருப்பிடித்து விழுந்த ஓட்டை வழியாகக் கருவேலம் முளைத்து, டிரைவர் சீட்டைத் தாண்டி, ஜன்னலுக்கு வெளியே கிளை நீட்டியிருக்கிறது. இதற்கு யாரும் அபராதம் எழுத முடியாது. இது குப்பையல்ல, வழக்குச் சொத்து.

சொத்து என்றால் அதற்கு உரியவர் ஒருவர் இருப்பார் அல்லவா? இருக்கிறார். மஞ்சள் போர்டு மாட்டிக் கடனில் கார் ஓட்டுகிறவர் என்று வையுங்கள். ஒரு பைக்காரர் குறுக்கே வந்து விழுந்தார், கையில் அடி, எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று, கார் ஸ்டேஷனுக்குப் போயாயிற்று. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து அறிக்கை கொடுத்ததோடு அந்தக் காரிடம் சட்டத்துக்கு இருந்த வேலை அநேகமாக முடிந்துவிடுகிறது. ஆனால் கார் நிற்கிறது. போய்க் கேட்டால், ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கார், ரைட்டரைப் பாருங்க என்பார்கள். ரைட்டர் தலை நிமிராமல் சொல்வார்: "வக்கீல் வெச்சு கோர்ட்ல வாங்கிக்கங்க சார். எங்களுக்கென்ன, நாங்களா ஓட்டப் போறோம்?"

அது உண்மைதான். அவர்கள் ஓட்டப் போவதில்லை. சில மாதம் போனால் யாராலும் ஓட்ட முடியாது.

சட்டம் ஒன்றும் ஊமையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு, பொருள் கோர்ட்டின் முன் வந்த 14 நாளில் அதைப் பற்றிய விவரப் பட்டியல் தயாராக வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், பட்டியல் தயாரான 30 நாளுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும் என்கிறது. படிக்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. கவனியுங்கள், கோர்ட்டின் முன் வந்த நாளிலிருந்துதான் அந்த 14. பிடித்த பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம் 95 ரைட்டரின் மேஜை டிராயரில் படுத்திருக்கும் வரை கடிகாரம் ஓடாது. கைப்பற்றியதை உடனடியாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 106ஆம் பிரிவு சொல்கிறதே என்பீர்கள். அந்த "உடனடி"க்கு எத்தனை நாள் என்று எழுதாமல் விட்ட புண்ணியவான் யாரோ, அவருக்கு ஸ்டேஷன்தோறும் சிலை வைக்கலாம்.

இந்தச் சட்டத்துக்கும் ஏறக்குறைய 22 வருடம் முன்பே, 2002 அக்டோபரில், சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட காலம் நிறுத்தி வைப்பதில் பிரயோஜனமில்லை, தகுந்த பத்திரமும் ஜாமீனும் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள், யாரும் கேட்டு வராவிட்டால் கோர்ட் உத்தரவில் ஏலம் விடுங்கள். அந்த வழக்கு எப்படி முளைத்தது என்பதுதான் ருசியான கதை. சூரத் ஓல்பாட் காவல் நிலையத்தில் பணியாற்றிய போலீஸ்காரர்கள்மீதுதான் குற்றச்சாட்டு. வழக்குச் சொத்தாக இருந்த விலையுயர்ந்த பொருள்களை எடுத்துக்கொண்டு போலியை வைத்தார்கள், பணத்தைக் கையாடினார்கள், அனுமதியில்லாமல் ஏலமும் விட்டார்கள் என்பது அரசுத் தரப்பு. அதாவது, பொருளை ஸ்டேஷனில் வைக்காதீர்கள் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது, ஸ்டேஷனிலேயே பொருள் களவு போகிறது என்ற வழக்கில். எந்த ஸ்டேஷன் சுவரிலும் "காவல் துறை உங்கள் நண்பன்" என்று எழுதியிருக்கும். வாங்கியதைத் திருப்பித் தராத நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு.

காரைப் பிடித்தபோது எழுதிய மகஜரை வாங்கிப் படித்துப் பாருங்கள். "வெள்ளை நிற நான்கு சக்கர வாகனம் ஒன்று", எண், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. முடிந்தது. டயர் புதுசா பழசா, ஸ்டெப்னி இருந்ததா, ஸ்டீரியோ இருந்ததா, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், ஒரு வரி இருக்காது. எழுதாத ஸ்டெப்னி எப்படிக் காணாமல் போகும்? முதலில் பேட்டரி, பிறகு ஸ்டீரியோ, பிறகு டயர் என்று கார் தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. காம்பவுண்டுக்கு வெளியே இதையே ஒருவன் செய்திருந்தால் திருட்டு வழக்கு.

இப்போது கோர்ட்டுக்கு வருவோம். உரியவர் பெட்டிஷன் போடுகிறார். அரசுத் தரப்பில் ஆட்சேபணை, வாய்தா, மறுபடி வாய்தா. கடைசியில் உத்தரவு வருகிறது. ஆர்.சி. ஒரிஜினலைக் கோர்ட்டில் கொடு. சொந்தப் பத்திரம் எழுது. இரண்டு ஜாமீன்தாரைக் கொண்டு வா. விற்க மாட்டேன், நிறம் மாற்ற மாட்டேன், உருவம் மாற்ற மாட்டேன், கூப்பிட்டபோது இதே நிலையில் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று கையெழுத்துப் போடு. போடுகிறார். நாலு சக்கரமும் போய்ச் செங்கல்மேல் நிற்கும் தன் காரை இனிமேல் சேதமில்லாமல் பாதுகாப்பேன் என்று அந்த மனிதர் ஜாமீனோடு உறுதி கொடுக்கிறார். அதுவரை வைத்திருந்தவர்களிடம் ஒரு துண்டுச்சீட்டில்கூட யாரும் கையெழுத்து வாங்கவில்லை. சாட்சியத்தை அழித்தால் தண்டனை என்று சட்டம் இருக்கிறது. மழையில் ஊறவைத்து அழித்தால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர்.

மதுவிலக்கு வழக்கென்றால் கூத்து இன்னும் பெரிது. பாட்டிலை விற்றது அரசுக் கடை. பாட்டில் கணக்குக்கு மேல் இருந்தது என்று காரைப் பிடித்தது அரசு. பறிமுதல் செய்து ஏலம் விடப் போவதும் அரசு.

ஏலத்துக்கு முன் உரியவருக்குத் தகவல் போக வேண்டுமே. சிக்னலில் கோட்டைத் தாண்டினால் இ-சலான் செல்போனுக்கே வந்துவிடுகிறது, நம்பர் பிளேட்டை வைத்து ஆளைக் கண்டுபிடித்து. அதே நம்பர் பிளேட்டோடு ஸ்டேஷனில் நிற்கும் கார் மட்டும் திடீரென்று அனாதையாகிவிடும். பேப்பரின் மூலையில், உரிமை கோருவோர் ஆவணங்களுடன் இத்தனை நாளுக்குள் வரலாம் என்று பொடி எழுத்தில் அறிவிப்பு. அபராதத்துக்குத் தெரிந்த விலாசம் ஏலத்துக்குத் தெரியாது.

ஆகவே பெட்டிஷனை முதல் வாரத்திலேயே போடுங்கள். காரை நாலு பக்கமும் சுற்றி, பானெட்டைத் திறந்து, மீட்டரோடு சேர்த்துப் போட்டோ எடுத்து மனுவோடு இணையுங்கள். ஏல அறிவிப்பு வந்திருந்தால் அன்றைக்கே வக்கீலைப் பிடியுங்கள். தவறவிட்டால் ஏலதாரர்கள் சிண்டிகேட் போட்டு, "உள்ளது உள்ளபடி" அடிமாட்டு விலைக்கு எடுத்துப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் தவணையை மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டு, சென்னை புதுப்பேட்டை பக்கம் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான். அதிர்ஷ்டம் இருந்தால் உங்கள் கார் கதவு உங்களுக்கே கிடைக்கும். பேரம் பேசலாம், ரொக்கத்துக்குக் கையோடு கொடுத்துவிடுவார்கள், படிவம் 95 எங்கே என்று யாரும் கேட்பதில்லை.