கைடு சாருக்கு மூடு எப்படி?

பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவரை எட்ட நின்று பார்த்தே பிஎச்.டி. ஸ்காலர் என்று சொல்லிவிடலாம். மாணவர் என்று நம்ப முடியாத அளவுக்கு முன்நெற்றி ஏறியிருக்கும். வாத்தியார் என்று நம்ப முடியாத அளவுக்குச் செருப்பு தேய்ந்திருக்கும். கையில் ஒரு ஃபைல். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று அவர் எழுத, மற்றது, கையெழுத்துப் போடுகிறவர் "பேனா இருக்கா தம்பி?" என்று கேட்கும்போது நீட்ட. இரண்டில் நன்றாக எழுதுவது இரண்டாவதுதான். வயதைக் கேட்டால் "வர்ற ஆவணியோட..." என்று ஆரம்பித்து, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

நான் சொல்வது இயற்பியல் துறை ஸ்காலரை. அதிலும் கிரிஸ்டல் வளர்க்கிறவரை. தமிழ்நாட்டில் இயற்பியலில் பிஎச்.டி. என்றால் இந்த இனத்தைச் சந்திக்காமல் தப்ப முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது. அங்கிருந்து சின்ன ஊர்க் கலைக்கல்லூரி லேப் வரைக்கும் இந்தத் தொழில் பரவியதற்குக் காரணம் லேசானது: கோடி ரூபாய் மெஷின் எதுவும் வேண்டாம். பீக்கர், தண்ணீர், உப்பு, பொறுமை இருந்தால் போதும். முதல் மூன்றைத் துறை கொடுத்துவிடும்.

விதிமுறைகள் இல்லாமல் இல்லை. யுஜிசி 2022-இல் வெளியிட்ட பிஎச்.டி. விதிகளை வாசித்துப் பார்த்தால் மனது நெகிழ்ந்துவிடும், அத்தனை கருணை. குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 6 ஆண்டு. முடியவில்லையா, இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு. கைடாக இருக்கிற பேராசிரியர் 8 ஸ்காலருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. செமஸ்டருக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு முன்னால் நின்று செய்த வேலையைச் சொல்ல வேண்டும். எல்லாம் தெளிவாக இருக்கிறது. கைடு வீட்டு ஈபி பில்லை யார் கட்டுவது என்பது மட்டும் எந்தப் பிரிவிலும் இல்லை.

ஸ்காலர் இந்த விதிகளை முதன்முதலாக வாசிப்பது ஆறாவது ஆண்டில், நீட்டிப்புக்கு எழுதிக் கொடுக்கும்போதுதான். அதுவரை அவரை ஆள்வது வேறு சட்டம். அது அச்சில் கிடைக்காது. சேர்ந்த அன்று கேன்டீனில் சீனியர் அண்ணன் வாயால் சொல்லுவார். டீக்காசு புதியவருடையது.

"சார் வர்றதுக்கு முன்னாடி வந்துரணும் தம்பி. சார் போனதுக்கு அப்புறம்தான் கிளம்பணும்."

"சார் லீவுன்னா அண்ணா?"

"அன்னைக்குத்தான் கண்டிப்பா வரணும். டிபார்ட்மென்ட் போனுக்கு அடிச்சுப் பார்ப்பார்."

"சரிண்ணா."

"டவுட் கேக்காத. 'அதக் கண்டுபிடிக்கத்தானய்யா உன்ன சேத்திருக்கேன்'ம்பார். கேக்காமலும் இருந்துராத. 'ஒரு டவுட்டாவது கேக்கானா பாரு'ம்பார்."

"அப்ப என்னதாண்ணா செய்ய?"

"பதில் தெரிஞ்ச டவுட்டாக் கேளு. உனக்கு இல்ல, அவருக்கு."

இந்த டீயோடு கோர்ஸ் ஒர்க் முடிந்துவிட்டது. அப்புறம் பல்கலைக்கழகம் நடத்துகிற 12 கிரெடிட் எல்லாம் சம்பிரதாயம்.

சட்டத்தின் இரண்டாம் பாகம் தலைப்பு தேர்ந்தெடுப்பது. தேர்ந்தெடுப்பது என்பதை ஸ்காலர் செய்வதாக நினைத்துவிடக் கூடாது. கிளைசின் என்கிற அமினோ அமிலத்தோடு ஏதோ ஒரு உப்பைச் சேர்த்து முதல் அண்ணன் கிரிஸ்டல் வளர்த்திருப்பார். அடுத்து வந்த அக்கா அதிலே கொஞ்சம் துத்தநாகம் சேர்த்தார். அவருக்கு அடுத்தவர் தாமிரம். இவருக்கு நிக்கல். தனிம அட்டவணை தீருகிறவரைக்கும் அந்த லேபில் தலைப்புக்குப் பஞ்சம் கிடையாது. இதைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, மற்றதை அப்படியே வைத்து, என்ன ஆகிறது என்று பார்ப்பது சரியான அறிவியல் முறைதான். பத்து வருஷமாக அதையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் கொஞ்சம் உறுத்தும்.

வேலை எப்படி என்றால், உப்பை இரண்டு தடவை காய்ச்சி வடித்த தண்ணீரில், இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைக்க வேண்டும். காந்தக் கலக்கியில் மணிக்கணக்காகச் சுற்ற விட்டு, வாட்மேன் தாளில் வடிகட்டி, பீக்கர் வாயைத் தாளால் மூடி ஊசியால் ஓட்டை குத்தி, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வைத்துவிட வேண்டும். தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகப் போகும். அவசரப்பட்டால் பொடியாக விழும். காற்று அடிக்கக் கூடாது, மேசை அதிரக் கூடாது. அதனால் மே மாதத்திலும் அந்த அறையில் ஃபேன் ஓடாது. உள்ளே போகிறவர் சட்டை நனைந்து வெளியே வருவார். அடியில் கடுகளவு விதைகள் தெரியும் நாளில் ஸ்காலர் வீட்டுக்குப் போன் போட்டு, "வந்துருச்சும்மா" என்பார். அம்மா "ரிசல்ட்டாய்யா?" என்பார்.

விதைகளில் முகம் திருந்தியதாக ஒன்றைப் பொறுக்கி, நைலான் இழையில் கட்டி, புதுக் கரைசலில் தொங்கவிட வேண்டும். மறுபடியும் வாரக்கணக்கில் காத்திருப்பு. அதற்குள் கல்லூரித் தரத்தை அளக்க நாக் கமிட்டி வருகிறது என்று லேபுக்கு வெள்ளையடிப்பார்கள். பீக்கர் வராந்தாவுக்குப் போகும். யாராவது பீக்கரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து "இதான் தம்பி டைமண்டா?" என்று கேட்டுவிட்டு வைப்பார்கள். இத்தனையையும் தாண்டி ஒன்று தேறிவிட்டால், அதைக் கிராஃப் தாள்மேல் வைத்து, எத்தனை மில்லிமீட்டர் என்று கட்டம் தெரிகிற மாதிரி படம் எடுப்பார். அந்தப் படம்தான் அவருடைய வாட்ஸ்அப் டிபி. சொந்த முகத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நடப்பதுதான் கொடுமை. அந்தக் கிரிஸ்டலைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அகச்சிவப்பு நிறமாலை எடுக்கிறவர், அதைக் கல்வத்தில் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்துக் கொடு என்பார். வெப்பப் பகுப்பாய்வு செய்கிறவர் எரித்து எடை பார்ப்பார். கடினத்தன்மை பார்க்கிறவர் வைர முனையால் குத்துவார். சிங்கிள் கிரிஸ்டல் எக்ஸ்ரே எடுக்கிறவரோ, "இவ்வளவு பெரிசு எதுக்குங்க? ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம், சின்னத் துணுக்கா அனுப்புங்க" என்று திருப்பி அனுப்புவார். கடைசியில் லேசர் சோதனை. கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் கதிரை அடித்தால் உள்ளே இருந்து 532 நானோமீட்டர் பச்சை வெளிச்சம் வர வேண்டும். அதற்கும் பொடிதான் கேட்பார்கள். பச்சை தெரிந்தால் தீசிஸில் ஒரு அத்தியாயம். தெரியாவிட்டால், அடுத்த தனிமம்.

இதெல்லாம்கூடப் பிடிபட்டுவிடும். பிடிபடாதது கைடு சார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லப்போனால் தீபாவளிக்கு எல்லா ஸ்காலருக்கும் வீட்டில் சாப்பாடு போடுகிறவர், ஃபீஸ் கட்ட முடியாதவனுக்குச் சத்தமில்லாமல் கட்டியவர். ஆனால் அவர் கையெழுத்து வேண்டும் என்றால் அவருடைய மூடு வேண்டும். அது எப்படி இருக்கிறது என்று தெரிய, லேப் அட்டெண்டர்தான் துறையின் வானிலை மையம். "இன்னைக்கு வேண்டாம் தம்பி, ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்லருந்து போன் வந்துச்சு" என்றால் ஃபைலோடு திரும்பிவிட வேண்டும். "உள்ள சிரிப்புச் சத்தம் கேக்குது" என்றால் ஓட வேண்டும். நாலாம் வருஷ ஸ்காலருக்கு அட்டெண்டரும் வேண்டாம். கார்க்கதவு சாத்துகிற சத்தத்திலேயே சொல்லிவிடுவார்.

இன்னொரு சிக்கல், ஒரே துறையில் ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேராசிரியர்கள். ஏன் பேசுவதில்லை என்று இப்போதைய ஆட்கள் யாருக்கும் தெரியாது. இந்த சாருடைய ஸ்காலர் அந்த சாருடைய ஸ்காலரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. யூவி மெஷினோ அந்த லேபில் இருக்கிறது. அசிட்டோன் இந்த லேபில். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வாட்டர் டேங்க் பக்கம் போனால், ஒருவர் சாம்பிள் குப்பியை நீட்ட, இன்னொருவர் அசிட்டோன் பாட்டிலை நீட்டுகிற காட்சியைப் பார்க்கலாம். பல ஆய்வுக் கட்டுரைகளின் இரண்டாவது பத்தி அந்த டேங்க் அடியில் உருவானதுதான்.

கட்டுரை என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 விதிகளில், தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்பதை யுஜிசி எடுத்துவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. கேட்காத இடத்தில் கைடு கேட்கிறார். எந்த இதழில் என்பது அடுத்த தலைவலி. நல்ல இதழ்களின் பட்டியல் என்று யுஜிசி 2019-இல் ஒன்று கொண்டுவந்தது, கேர் லிஸ்ட். அதில் இருக்கும் இதழாகப் பார்த்து அனுப்பி, திருத்தி, மறுபடி அனுப்பி, ஒருவழியாக ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த நேரத்தில், 2025 பிப்ரவரியில் பட்டியலையே கைவிட்டுவிட்டார்கள்.

ஆய்வு நெறிமுறை என்று 2 கிரெடிட்டுக்கு ஒரு பாடம் உண்டு. வேலை செய்யாதவர் பெயரைக் கட்டுரையில் போடுவது தவறு என்று அதில் சொல்லிக்கொடுப்பார்கள். ஸ்காலர் அதில் நல்ல மார்க் வாங்கியவர்தான். அவருடைய கட்டுரையில் ஆறு பெயர். முதலில் அவர், கடைசியில் கைடு, நடுவில் மெஷின் வைத்திருப்பவர், அவருக்கு வேண்டியவர், பதவி உயர்வுக்கு ஒரு பேப்பர் குறைகிற ஒருவர். ஆறாவது பெயர், அந்தப் பாடம் எடுத்தவர்.

காப்பிக்கும் விதி இருக்கிறது. 2018-இல் வந்தது. 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனையில்லை. அதற்கு மேல் போகப் போக ஆபத்து, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதற்குப் பயந்து ஸ்காலர் 'கரைசல் வடிகட்டப்பட்டது' என்கிற ஒரு வரியைப் பதினாறு விதமாக எழுதுவார். ஆனால் நன்றியுரை அந்தக் கணக்கில் வராது, விதியிலேயே விலக்கு உண்டு. ஆகவே தமிழ்நாட்டின் அத்தனை இயற்பியல் தீசிஸிலும் கைடு ஒரே மாதிரி 'இடைவிடாத ஊக்கமும் மதிப்புமிக்க வழிகாட்டுதலும்' வழங்கிக்கொண்டே இருக்கிறார்.

பணத்தைப் பற்றி ரொம்பப் பேச வேண்டாம். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து 42,000. காகிதத்தில் இது மாதாமாதம். அதில்லாதவர்கள்தான் அதிகம். அவர்கள் சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கேள்விதான். "மாப்பிள்ளை என்ன பண்றாப்ல?" "ஆராய்ச்சி பண்றாப்ல." "சரி, அது இருக்கட்டும். வேலை?"

பெண் ஸ்காலருக்கு இந்தக் கேள்வி நேர்முகத்திலேயே வந்துவிடும். "கல்யாணம் ஆனா விட்டுட்டுப் போயிரமாட்டீங்களேம்மா?" என்பார் கைடு. ஆண்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. விட்டுவிட்டுப் போகிறவர்கள் என்னமோ அவர்கள்தான். அப்படிக் கேள்வி கேட்கப்பட்ட அக்கா கல்யாணமும் செய்துகொண்டு, விதியில் இருக்கிற 240 நாள் விடுப்பும் எடுத்துக்கொண்டு, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, மற்றவர்களுக்கு முன்னால் தீசிஸைக் கொடுத்திருப்பார். ரகசியம் ஒன்றுமில்லை. அவருக்கு நாலு ஐம்பது பஸ். ஆகவே கேன்டீனுக்கும் போகவில்லை, வாட்டர் டேங்குக்கும் போகவில்லை, கைடு சார் மூடைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. நேரே அறைக்குள் போய், "சார், இதுல ஒரு கையெழுத்து. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நீட்டினார். அவரும் போட்டுக் கொடுத்தார். அத்தனை வருஷமும் இது நடக்கக் கூடியதுதான் என்று ஆண் ஸ்காலர் யாருக்கும் தோன்றவில்லை.

தீசிஸ் கொடுத்தபின் பிஎச்.டி. செக்‌ஷன் என்கிற கோட்டை. ஃபைல் அங்கே ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்பதற்கு நிக்கல் கலந்த கிரிஸ்டலையே உதாரணமாகச் சொல்லலாம்; கிரிஸ்டல் பரவாயில்லை. "மேடம், என் ஃபைல்..." என்றால் "மூவ் ஆயிருச்சே சார்" என்பார்கள். எங்கே மூவ் ஆனது என்று கேட்டால் அது தனி விசாரணை. வெளியிலிருந்து தேர்வாளர் இருவரின் அறிக்கை வர வேண்டும். அதில் ஒருவர் வெளிநாட்டில் இருந்துவிட்டால் அந்த ஊர்க் கோடை விடுமுறை எப்போது என்பதுவரை ஸ்காலருக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

அப்புறம் ஒரு நாள் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு வரும். பொது வைவா, யாரும் வந்து கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். கேட்க வருகிறவர்களுக்குக் காலையில் போண்டா, மதியம் பிரியாணி. விடியற்காலை ஐந்து மணி ரயிலுக்குத் தேர்வாளரை அழைக்கக் கார் எடுத்துக்கொண்டு போனவரும் ஸ்காலர்தான். தேர்வாளர் சர்க்கரைக்காரர் என்று முன்கூட்டி விசாரித்து, சர்க்கரை போடாத காபியைச் சொல்லி வைத்தவரும் ஸ்காலர்தான். முன்வரிசையில் பட்டுச்சேலையில் அம்மா. திரையில் கிராஃப் தாள்மேல் அந்தக் கிரிஸ்டல். பேசாத இரண்டு பேராசிரியர்களும் ஒரே வரிசையில், நடுவில் இரண்டு நாற்காலி விட்டு. தேர்வாளர், "நிக்கலுக்குப் பதில் கோபால்ட் சேர்த்தா என்ன ஆகும்?" என்று கேட்பார். கடைசி பெஞ்சில் இந்த வருஷம் சேர்ந்த பையன் சட்டென்று நிமிர்ந்து உட்காருவான். அவன் தலைப்பு அதுதான்.

"பரிந்துரைக்கிறேன்" என்று தேர்வாளர் சொன்னதும் கைதட்டல், மாலை, சால்வை, போட்டோ. கைடு சார் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துக்கொண்டு போவார். ஏழு வருஷத்தில் முதல்தடவையாக மூடு பிரமாதமாக இருக்கும். குரல்கூடத் தழதழக்கும்.

"டாக்டர்," என்பார், "எக்ஸாமினருக்கு ஆறே காலுக்கு ரயில். சுகர் இல்லாத அல்வா எங்கயாவது கிடைக்குமான்னு பாருய்யா."