பொருள்வயிற் பிரிவும் அரக்கோணம் யூனிட்டும்: தினப்பயணம் தகுமா என்பது குறித்த ஓர் ஆய்வு

வேலைக்காகத் தினமும் நெடுந்தூரம் போய்வருவது தகுமா என்ற கேள்வியைத் தமிழ்ப் புலமை உலகம் இதுவரை தொட்டதில்லை. மாடு பிடிக்கப் போவதற்கு ஒரு திணை, பிடித்த மாட்டை மீட்கப் போவதற்கு இன்னொரு திணை என்று வகுத்தவர்கள், விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கு ஒரு துறைகூட ஒதுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம்: அரக்கோணம் – சென்னை சென்ட்ரல், 69 கிலோமீட்டர். தாம்பரத்து அன்பர்கள் கோபிக்கக் கூடாது. ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் கடற்கரை ஸ்டேஷன் வந்துவிடும் தங்கள் துயரம் இவ்வாய்வின் தகுதி வரம்பை எட்டவில்லை.

வரலாற்றுப் பின்புலம் சொல்லாமல் ஆய்வு தொடங்கினால் மார்க் குறையும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு அரக்கோணம் வழியாகத்தான் ஓடியது. வரலாறு முடிந்தது.

இனி இலக்கணம். தலைவன் தலைவியைப் பிரிவதற்கு ஓதல், பகை, தூது என்று தொல்காப்பியர் காரணம் கூறுவார். பொருள் தேடிப் பிரிவதும் உண்டு. அப்படிப் போனவன் கார்காலம் தொடங்கும்போது திரும்புவான். நம் ஆள் ராத்திரி எட்டு மணிக்குள் திரும்பிவிடுகிறான். அதற்குள் பசலை படர நேரம் போதாது என்பதால் உரையாசிரியர்கள் அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை போலும். ஆனால் அவனுக்கென்றே எழுதியதுபோல் தொல்காப்பியத்தின் கற்பியலில் ஓர் இடம் இருக்கிறது. கிளம்ப வேண்டிய தலைவன் ‘போகவில்லை’ என்று தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்பார்கள். அந்தத் தயக்கம் போகாமல் இருப்பதற்காக அல்ல, தலைவியைத் தேற்றிவிட்டுப் போவதற்காகத்தான் என்று தொல்காப்பியரே தெளிவுபடுத்திவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அரக்கோணத்து வீடுகளில் இதற்குச் சான்று கிடைக்கிறது:

“இந்த மாசத்தோட சரி. இங்கயே காஞ்சிபுரம் பக்கம் ஏதாவது பார்த்துக்கறேன்.”

“போன ஆடியிலயும் இதைத்தானே சொன்னீங்க? சீசன் டிக்கெட் எப்ப முடியுது?”

“நேத்துதான் மூணு மாசத்துக்குப் போட்டேன்.”

கணக்குக்கு வருவோம். யூனிட் என்னும் புறநகர் மின்சார ரயிலில் ஒருவழிக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வீட்டிலிருந்து ஸ்டேஷன், சென்ட்ரலிலிருந்து ஆபீஸ் எல்லாவற்றையும் தாராள மனதோடு தள்ளிவிட்டு, நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 250 வேலை நாள். மொத்தம் 1,000 மணி, அதாவது இரவு பகலாக 41 நாளும் சொச்சமும். சபரிமலைக்காரர்களின் ஒரு மண்டலம். ஒவ்வொரு வருடமும் ஒரு மண்டலம் முழுக்க மாலை போடாமலே விரதம் இருக்கும் இந்தப் பக்தர் முப்பது வருட சர்வீஸில் மூன்று ஆண்டு ஐந்து மாதத்தை ரயிலுக்குக் காணிக்கையாக்குகிறார்.

இத்தாலிய இயற்பியலாளர் செசரே மார்க்கெட்டி, எந்தக் காலத்து மனிதனும் போக்குவரத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஒதுக்குவான் என்று 1994-ல் எழுதினார். வேகம் கூடினால் ஊர் அகலமாகுமே தவிர நேரம் கூடாது என்பது அவர் வாதம். குகையில் இருந்தவனுக்கும் ரோமாபுரியில் இருந்தவனுக்கும் பொருந்தும் அந்த விதி, மாலை வண்டி திருவாலங்காட்டைத் தாண்டும் முன்பே உடைந்துவிடுகிறது என்பதை அன்னாருக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

திருவாலங்காடு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். கயிலைக்குத் தலையாலேயே நடந்து போன காரைக்கால் அம்மையார், கடைசியில் ஆலங்காட்டுக்கு வந்து ஆடும் இறைவனின் திருவடிக்கீழ் அங்கேயே தங்கிவிட்டார். காரைக்காலிலிருந்து தினமும் வந்துபோகவில்லை. ‘பணியிடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்’ என்னும் கட்சியினர் இதைவிடப் பழைய முன்னுதாரணம் காட்ட முடியாது.

அந்தக் கட்சிக்கு மேலைநாட்டு ஆதரவும் உண்டு. டேனியல் கானமனும் சகாக்களும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நினைவுகூரச் சொல்லி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுக்கச் செய்தவற்றில் மகிழ்ச்சியில் கடைசி இடம் வேலைக்குப் போய்வரும் பயணத்துக்கே கிடைத்தது. 2008-ல் ஸ்டட்ஸர், ஃபிரே என்ற சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் ஜெர்மானியர்களை ஆராய்ந்தார்கள். பயணம் நீண்டால் சம்பளமோ வீட்டு வசதியோ அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்பது பொருளியல் தர்மம். ஈடுகட்டவில்லை, நெடுந்தூரம் போகிறவர்களின் மனநிறைவு குறைவாகவே இருக்கிறது என்று கண்டார்கள்.

இவ்விரு ஆய்வுகளிலும் ஒரு பெரும் பிழை. டெக்சாஸ்காரி பெரும்பாலும் காரில் தனியாகப் போகிறவள். அவளிடம் யாரும் “கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்று சொல்வதில்லை. மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆள் உட்காரும் கலையை அறியாதவர்கள் மனநிறைவை எப்படி அளப்பார்கள்? அக்கலையின் நுட்பங்கள் இங்கே முதன்முறையாகப் பதிவு செய்யப்படுகின்றன. நாலாமவர் கேட்கக் கூடாது. பையை மடியில் வைத்தபடி ஓரத்தில் கால் இடுப்பை மட்டும் பதிக்க வேண்டும். மூன்றாமவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு அங்குலம் நகர்வார். வண்டி கடம்பத்தூரில் பிரேக் போட்டால் அரை இடுப்பு. திருவள்ளூரில் குலுங்கிக் கிளம்பினால் முக்கால். முழு இடுப்பு என்பது ஆவடி வரை வராது. வந்தால் ஜன்னலோரத்தவர் தூங்கிவிட்டார் என்று பொருள். இதற்குள் நால்வருக்கும் இடையே ஒரு வார்த்தை பேச்சில்லை. ஆறு மாதம் கழித்து நாலாமவர் மகள் கல்யாணப் பத்திரிகையை மற்ற மூவருக்கும் நீட்டுகிறார். ஜெர்மானியத் தரவில் இதற்குக் கட்டமே இல்லை.

‘வண்டியே கதி’ கட்சியினரின் பொருளாதார வாதம் வலுவானது. சென்னை வாடகை, அட்வான்ஸ், லாரித் தண்ணீர் ஒரு தட்டில். சொந்த வீடு, கிணறு, முருங்கை மரம், அப்பா அம்மா மறு தட்டில். தராசை ஆட்டாமல் பிடித்திருப்பது சீசன் டிக்கெட். இரண்டாம் வகுப்பு மாத சீசனுக்குச் சுமார் 15 ஒருவழிப் பயணக் கட்டணம்தான் வாங்குகிறார்கள். 2014 ஜூனில் அதை 30 பயணக் கணக்குக்கு உயர்த்துவதாக ரயில்வே அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கியது. உயர்த்தியிருந்தால் பல ஆயிரம் குடும்பங்கள் அன்றே முடிவெடுத்திருக்கும். டிக்கெட் விலை அப்படி ஏறாததால்தான் இந்தக் கேள்வி இன்னும் கேள்வியாகவே இருக்கிறது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இதுவரை எவரும் ஆராயாத காரணி பேசின் பிரிட்ஜ் அவுட்டர். சென்ட்ரல் கண்ணுக்கெட்டும் தூரத்தில், சிக்னல் விழவில்லை. ஃபேன் ஓடுகிறது, காற்று வரவில்லை. “போட்டுட்டான்” என்கிறார் ஒருவர். எவன் போட்டான், எதைப் போட்டான் என்று யாரும் கேட்பதில்லை. பொறுமை தீர்ந்தவர்கள் குதித்துத் தண்டவாளத்தோரம் நடக்கிறார்கள் (சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து, இக்கட்டுரை அதை ஆதரிக்கவில்லை). ‘வேலையை விட்டுவிடலாமா’ என்ற எண்ணம் வண்டி ஓடும்போது வருவதில்லை. அவுட்டரில் நிற்கும்போதுதான் வருகிறது. சிக்னல் விழுந்ததும் போய்விடுகிறது.

மாலை வண்டியில் இது உறுதிப்பட்டது. சென்ட்ரலில் நின்றுகொண்டிருந்தவர்களிடம் கேட்டபோது, “இது ஒரு பொழப்பா சார்?” என்றார்கள். ஆவடியில் கூட்டம் இறங்கி இடம் கிடைத்த பிறகு அதே ஆட்களிடம் அதே கேள்வி: “பழகிடுச்சு சார். வீட்ல போய் உட்கார்ந்தா மட்டும் என்ன பண்ணப்போறோம்?” ‘பொழப்பா’ என்று கேட்டவர் அதற்குள் சுண்டல் வாங்கிவிட்டார்.

ஆகவே தீர்ப்பு: நிற்பவருக்குத் தகாது, உட்கார்ந்தவருக்குத் தகும். இதைச் சரிபார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் எந்த வேலை நாளிலும் காலையில் வரலாம். ஜன்னலோரம் ஓர் இடம் காலியாகத் தெரிந்து, அதில் ஒரு கைக்குட்டை கிடந்தால் மட்டும் உட்கார வேண்டாம். அதற்கு ஆள் வருகிறார்.