ஜெயித்துத் தொலைத்தால் என்ன செய்வது?

அனுப்புநர்: சீசன் டிக்கெட் வைத்திருக்கும் மனுதாரர், ஸ்ட்ரெட்ஃபோர்டு எண்ட், ஓல்ட் டிராஃபோர்டு.

பெறுநர்: இயக்குநர் குழுவினர், மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கிளப், மேற்படி முகவரி.

நாள்: 14.01.2026

பொருள்: புதிய மேலாளர் நியமனம் – அளவான நம்பிக்கை தெரிவித்தல் – வெற்றி நேரிட்டால் நிர்வாகம் கடைப்பிடிக்க வேண்டிய நிதானம் – தொடர்பாக.

பார்வை: 2013 முதல் இதே பொருளில் தாங்கள் வெளியிட்ட வரவேற்பு அறிக்கைகள் அனைத்தும்.

ஐயா, அம்மையீர்,

இந்த சீசன் முடியும்வரை மைக்கேல் கேரிக் அணியைப் பார்த்துக்கொள்வார் என்று நேற்று தாங்கள் வெளியிட்ட அறிவிப்பை மனுதாரர் படித்தார். மகிழ்ந்தார். பிறகு பழக்கதோஷத்தில் மகிழ்ச்சியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மீதிப் பாதியை மே மாதம் வரை பத்திரமாக வைத்திருப்பது எப்படி என்ற கவலையில்தான் இந்த மனு எழுதப்படுகிறது.

கேரிக் மீது மனுதாரருக்கு எந்தக் குறையும் இல்லை. 2006 முதல் 2018 வரை இந்தச் சட்டையில் 464 ஆட்டங்கள். 5 லீக் பட்டங்கள், 2008-இல் மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக். ஓடி வியர்த்துப் பெயர் வாங்கிய ஆட்டக்காரர் அல்லர். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாருக்குத் தேவையோ அவர் காலில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தான் எதுவும் செய்யாதவர்போல் நின்றுகொண்டிருப்பார். மிடில்ஸ்பரோவில் மேலாளராகப் போனபோது அந்த அணி இரண்டாம் நிலை லீகில் 21-ஆம் இடத்தில் கிடந்தது. அதே சீசனில் 4-ஆம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு 8, அதற்கடுத்த ஆண்டு 10. போன ஜூனில் அவரை அனுப்பிவிட்டார்கள். இந்தக் கடைசி மூன்று எண்கள் எந்தத் திசையில் போகின்றன என்பதை நிர்வாகமும் பார்த்திருக்கும் என்று நம்பலாம்.

இதே நாற்காலியில் அவர் ஏற்கெனவே ஒருமுறை உட்கார்ந்தும் இருக்கிறார். 2021 கடைசியில் இடைக்காலத்துக்கு இடைக்காலமாக 3 ஆட்டங்கள்: வில்லார்ரியலை ஜெயித்தார், செல்சியுடன் டிரா செய்தார், ஆர்சனலை 3-2 என்று ஜெயித்தார், அன்று இரவே கிளப்பை விட்டுப் போய்விட்டார். தோல்வியே காணாமல் இந்தப் பதவியைவிட்டு இறங்கியவர்களின் பட்டியல் மிகச் சிறியது. அதில் தன் பெயர் இருந்தும் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்பதுதான் மனுதாரரின் ஒரே வியப்பு.

இனி விஷயம்.

வரும் சனிக்கிழமை மான்செஸ்டர் சிட்டி ஓல்ட் டிராஃபோர்டுக்கு வருகிறது. அடுத்து ஆர்சனலை அவர்கள் மைதானத்திலேயே சந்திக்க வேண்டும். இரண்டிலும் தோற்றால் ரசிகர்களைப் பற்றி நிர்வாகம் கவலைப்பட வேண்டாம். தோற்றுவிட்டு டிராம் பிடித்து வீட்டுக்குப் போவதில் எல்லோருக்கும் நல்ல பயிற்சி ஆகிவிட்டது. மனுதாரரின் தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. இரண்டிலும் ஜெயித்துத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது?

இது கிண்டல் அல்ல. 2018 டிசம்பரில் ஜோசே மொரின்யோவை அனுப்பிவிட்டு, ஓலே குன்னர் சோல்ஷார் என்ற பழைய ஆட்டக்காரரை இதே மாதிரி சீசன் முடியும்வரை என்று சொல்லித்தான் கூட்டிவந்தீர்கள். முதல் ஆட்டத்தில் கார்டிஃபை 5-1 என்று அடித்தார். முதல் 8 ஆட்டங்களும் வரிசையாக வெற்றி. மார்ச் 6-ஆம் தேதி பாரிசில், சாம்பியன்ஸ் லீகில், முதல் சுற்றில் சொந்த மண்ணில் 0-2 என்று தோற்றிருந்த அணி, பாதி ஆட்டக்காரர்கள் காயத்தில் வீட்டிலிருக்க, கடைசி நிமிடப் பெனால்டியில் 3-1 என்று ஜெயித்தது. அன்றிரவு தொலைக்காட்சியில் உட்கார்ந்திருந்த முன்னாள் ஆட்டக்காரர் ரியோ ஃபெர்டினாண்ட், ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து வையுங்கள், என்ன தொகை வேண்டுமோ சோல்ஷாரே எழுதிக்கொள்ளட்டும் என்கிற அளவுக்குப் போனார். ரசிகன் அப்படிப் பேசலாம். அவனுக்குப் பேனாவும் கிடையாது, காகிதமும் கிடையாது. இரண்டையும் கையில் வைத்திருந்தவர்கள் தாங்கள். மார்ச் 28-ஆம் தேதி 3 ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டீர்கள். மே மாதம் வரை பொறுத்திருந்தால் ஒரு பைசா நஷ்டமில்லை. போட்டி போட்டுக்கொண்டு அவரைத் தூக்கிப்போக வாசலில் யாரும் நின்றிருக்கவும் இல்லை.

கையெழுத்தான பிறகு அந்த சீசனில் 10 ஆட்டங்கள் மிச்சமிருந்தன. ஜெயித்தது 2. எவர்ட்டனில் 0-4. லீகிலிருந்து இறங்குவது உறுதியாகிவிட்ட ஹடர்ஸ்ஃபீல்டுடன் டிரா. கடைசி நாளில், அதேபோல் இறங்கிவிட்ட கார்டிஃபிடம் ஓல்ட் டிராஃபோர்டிலேயே 0-2. டிசம்பரில் 5 கோல் வாங்கிய அதே கார்டிஃப்.

ஆகவே மனுதாரரின் முதல் வேண்டுகோள்: கேரிக் அடுத்த சில வாரங்களில் யாரை ஜெயித்தாலும், எத்தனை கோலில் ஜெயித்தாலும், அலுவலகத்தில் உள்ள பேனாக்களை எல்லாம் மே மாதக் கடைசிவரை பூட்டி வைத்துவிட வேண்டும்.

ஒப்பந்தம் என்ற பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடலாம். தாங்கள் ஒருவருக்குக் காலத்தை நீட்டிக் கொடுத்தால், அவருடைய காலம் முடிகிறது என்று அர்த்தம். டேவிட் மோயஸுக்கு 2013-இல் 6 ஆண்டு ஒப்பந்தம். 10 மாதத்தில் வெளியேற்றம். எரிக் டென் ஹாக் 2024 மே மாதம் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார். அப்போதும் அவரை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று மற்றவர்களிடம் பேசிப் பார்த்தீர்கள். கடைசியில் ஜூலையில் 2026 வரை நீட்டிப்பு, அக்டோபர் 28-ஆம் தேதி வெளியேற்றம். ரூபன் அமோரிம் தன்னை நிரூபிக்க 3 ஆண்டுகள் வேண்டும் என்று கிளப்பின் இணை உரிமையாளர் சர் ஜிம் ராட்கிளிஃப் போன அக்டோபரில் பொதுவில் சொன்னபோது, ஓல்ட் டிராஃபோர்டின் பழைய ஆட்கள் நாட்காட்டியைத்தான் பார்த்தார்கள். ஜனவரி 5-ஆம் தேதி வேலை போயிற்று.

அமோரிம் விவகாரத்தில் மனுதாரருக்குப் புரியாதது ஒன்று உண்டு. 2024-25 சீசனை அவர் 15-ஆம் இடத்தில் முடித்தார், 42 புள்ளிகளோடு. யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டாட்டன்ஹாமிடம் தோற்றார். அணியின் வரலாற்றிலேயே மோசமான அணி இதுவாகத்தான் இருக்கும் என்று அவரே வாயால் சொன்னார். அப்போது வைத்துக்கொண்டீர்கள். ஆகஸ்டில் நான்காம் நிலை லீகில் ஆடும் கிரிம்ஸ்பி டவுனிடம் லீக் கோப்பையில் தோற்றார். கொட்டும் மழையில், 2 கோல் பின்தங்கிய நிலையில், பயிற்சியாளர் இருக்கையில் குனிந்து உட்கார்ந்து சின்னப் பலகையில் காந்த வில்லைகளை அவர் இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்ததை நாடே பார்த்தது. 12-11 வரை போன பெனால்டி ஷூட் அவுட்டை அவர் பார்க்கவே இல்லை. கூரைக்கு அடியில் பதுங்கிக்கொண்டார். அப்போதும் வைத்துக்கொண்டீர்கள். அவர் அணியை 6-ஆம் இடத்துக்குக் கொண்டுவந்தபோது அனுப்பிவிட்டீர்கள். லீட்ஸில் டிரா செய்த அன்று பத்திரிகையாளர்கள் முன்னிலையில் மேலிடத்தைச் சீண்டிப் பேசிவிட்டார், உண்மைதான். 15-ஆம் இடத்தைப் பொறுத்துக்கொண்ட மனம் இரண்டு வாக்கியத்தைப் பொறுக்கவில்லை. இந்த நிர்வாகத்தில் எந்தக் குற்றத்துக்கு எந்தத் தண்டனை என்று கேரிக்கிடமாவது முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

ரசிகர்களுக்குப் பொறுமை போதாது என்று கிளப் வட்டாரங்களில் அவ்வப்போது ஒரு குறை சொல்லப்படுகிறது. அதை மனுதாரர் பணிவுடன் மறுக்கிறார். 2014 மார்ச் 29-ஆம் தேதி, ஆஸ்டன் வில்லா ஆட்டத்தின்போது, மோயஸ் வெளியேற வேண்டும் என்று எழுதிய பேனரை வாலில் கட்டிக்கொண்டு ஒரு சிறு விமானம் மைதானத்துக்கு மேலே பறந்தது. கீழே இருந்தவர்களில் பெரும்பாலானோர் கத்தியது மோயஸுக்கு எதிராக அல்ல, விமானத்துக்கு எதிராக. அணி அன்று 4-1 என்று ஜெயித்தது. ஒரு மாதம் முடிவதற்குள் மோயஸை அனுப்பியது அந்த விமானம் அல்லவே? லூயி வான் கால் 2016 மே 21-ஆம் தேதி வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினார். அவர் இடத்துக்கு மொரின்யோ வருகிறார் என்ற செய்தி அன்று இரவே பரவிவிட்டது. பாவம், மனிதர் கோப்பையைக் கையோடு தூக்கிவந்து பத்திரிகையாளர் மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார். வேலை போவதற்கு இன்னும் 2 நாள் இருந்தது.

ஃபெர்குசன் கதையை இங்கே இழுக்கும் எண்ணம் மனுதாரருக்கு இல்லை. 1989-இல் அவரையும் போகச் சொல்லி ஒரு பேனர் இந்த மைதானத்தில் ஏறியது, நிர்வாகம் பொறுத்தது, பிறகு 13 லீக் பட்டங்கள் வந்தன என்பதெல்லாம் புதிய மேலாளர் ஒவ்வொருவர் வரும்போதும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லும் உரிமை, அவருக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த தூதர் சம்பளத்தை 2024-இல் நிறுத்திய நிர்வாகத்துக்கு உண்டா என்பது வேறு கேள்வி.

சம்பளம் என்றதும் கணக்கு நினைவுக்கு வருகிறது. டென் ஹாக்கையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்பிவைக்க ஆன செலவு 1.04 கோடி பவுண்டு. நியூகாசிலோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக் கூட்டிவந்த விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த்தை 5 மாதத்தில் வீட்டுக்கு அனுப்ப 41 லட்சம் பவுண்டு. இந்தத் துளையை அடைக்கத்தானோ என்னவோ, சில மாதங்களில் ஓல்ட் டிராஃபோர்டு ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாடு நிறுத்தப்பட்டு, பதிலுக்குப் பழம் வைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தப் பழமும் இல்லை, வேலையே போய்விட்டது. சீசன் நடுவிலேயே மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளின் விலை 66 பவுண்டு ஆனது. குழந்தைக்கும் 66, ஓய்வூதியம் வாங்கும் தாத்தாவுக்கும் 66. ஒரு மேலாளரை அனுப்புவதற்கான செலவில் எத்தனை மதியச் சாப்பாடு வரும் என்று கணக்குப் போட மனுதாரருக்குத் தெரியும். பசி நேரத்தில் போட வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அதன் அளவுதான் மாறிவிட்டது. 2013-இல் ஸ்ட்ரெட்ஃபோர்டு எண்டில் மோயஸின் முகத்தைப் பெரிய பேனராகத் தொங்கவிட்டார்கள். சில மாதங்களில் அதைக் கோபக்காரர்களிடமிருந்து காப்பாற்ற ஊழியர்கள் காவல் நிற்க வேண்டியதாயிற்று. இன்று கேரிக்குக்காக யாரும் துணி வாங்கவில்லை. லீக் கோப்பை கிரிம்ஸ்பியோடும், எஃப்.ஏ. கோப்பை மூன்று நாள் முன்பு பிரைட்டனோடும் முடிந்துவிட்டது. ஐரோப்பியப் போட்டி இந்த ஆண்டு கிடையாது. மிச்சமிருப்பது 17 லீக் ஆட்டங்கள். ரசிகர்கள் கேட்பதும் அதற்குத் தகுந்த மாதிரிதான். பின்வரிசையில் நால்வர் நிற்கட்டும். 2024 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றி கோலை அடித்த கோபி மைனூ, இந்த சீசன் லீகில் ஓர் ஆட்டத்தைக்கூட முதல் பதினொருவரில் ஒருவராகத் தொடங்கவில்லை. அந்தப் பையனை மைதானத்தில் இறக்கட்டும். இடைவேளைக்குப் பிறகும் அணி ஓடட்டும்.

அணி தொடர்ந்து 5 ஆட்டங்கள் ஜெயிக்கும்வரை முடி வெட்டமாட்டேன் என்று 2024 அக்டோபரில் சபதம் செய்த ரசிகர் ஒருவர் இருக்கிறார். பழனிக்கு நேர்ந்துகொண்டவர்களுக்காவது எப்போது மொட்டை என்று ஒரு தேதி தெரியும். இவருக்கு 15 மாதமாகத் தெரியவில்லை, தலைமுடி காடாகிவிட்டது. கேரிக்கின் முதல் 5 ஆட்டங்களை மனுதாரரைவிடக் கவலையோடு பார்க்கப் போகிறவர் அவர்தான்.

எனவே மனுதாரர் வேண்டுவது சுருக்கமாக: கேரிக் ஜெயித்தாலும் வேறு ஆட்களைத் தேடிக்கொண்டே இருங்கள், தேடுவதை அவர் காதில் விழும்படி செய்யாதீர்கள். தோற்றால், இன்னும் ஓர் இடைக்காலத்தை இந்த சீசனில் கண்டுபிடிக்காதீர்கள். பாரிஸ் போன்ற இரவு ஒன்று வந்துவிட்டால், மறுநாள் காலை யாரும் அலுவலகத்துக்கே வராதீர்கள். அந்த ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்து, மதியச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துவிடலாம்.

மேற்படி வேண்டுகோள்களைப் பரிசீலித்துத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.
(அடுத்த சீசன் டிக்கெட்டையும் புதுப்பிக்கத்தான் போகிறார், அது தங்களுக்கும் தெரியும்.)

நகல்:
கிளேசர் குடும்பத்தினர், ஃபுளோரிடா – தகவலுக்காக. 2005-இல் கிளப்பை வாங்கியவர்கள் ரசிகர் மன்றக் கூட்டத்தில் முதன்முறையாகப் பேச 2021 ஆனது. இதற்கான பதிலை 2042 வாக்கில் எதிர்பார்க்கலாம்.