எஞ்சினில் சிரித்த கொல்லிப்பாவை

நாமக்கல்லில் குடியிருந்துகொண்டு காரை வீட்டிலேயே பழுது பார்ப்பது, திருப்பதியில் குடியிருந்துகொண்டு கொல்லைப்புறத்தில் மொட்டை அடித்துக்கொள்வது மாதிரி. லாரிக்குக் கூண்டு கட்டியே பேர் வாங்கிய ஊர் இது. எந்தத் தெருவில் கல்லை விட்டெறிந்தாலும் ஒரு பட்டறையில் போய் விழும். விழுந்த கல்லில் கீறல் இருந்தால் அதையும் வெல்டிங் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் நான் ஏன் என் காரின் எஞ்சின் பிளாக்கை வீட்டு வாசலில் வைத்துத் தைத்தேன் என்பதற்கு ஒரே காரணம்தான். வெளியே சொல்ல வெட்கம்.

கார், என் அப்பா 1982-இல் வாங்கிய அம்பாசிடர். 1950களின் இறுதியில் கொல்கத்தா பக்கம் உத்தரபாராவில் பிறக்கத் தொடங்கி, 2014-இல் நின்றுபோன வம்சம். 2017-இல் அந்தப் பெயரை மட்டும் ஒரு பிரெஞ்சு நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. செய்தியைப் படித்த அன்று ஓடிப்போய் டிக்கியைப் பார்த்தேன். பெயர் எழுதிய பட்டையில் பாதி எழுத்துகளைக் காணோம். கணக்குப்படி என் பங்கு நாற்பது கோடி, மோகனூர் ரோட்டில் எங்கோ விழுந்து கிடக்கிறது.

போன வருடம் குடும்பத்தோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரரைப் பார்க்கக் கிளம்பினோம். நான், மனைவி, மச்சினன், அவன் மனைவி, ஒரு தூக்குப் புளிசோறு. காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியதும் பானட்டில் இருந்து ஆவி வந்தது. வெப்பம் காட்டும் முள் ஒன்றும் சொல்லவில்லை. அது 1996-இல் இருந்து ஒரே இடத்தில்தான் நிற்கிறது. எங்கள் வீட்டில் நிதானம் தவறாத ஒரே ஆள் அதுதான்.

43-ஆம் வளைவில் ஓரம் கட்டினேன். அங்கே ஒரு ஆயா அன்னாசிப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஆறட்டுஞ் சாமி. பழம் வேணா சாப்பிடுங்க" என்றார். வியாபாரத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன். பாறை இடுக்கில் சுனைத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஐஸ் மாதிரி. மச்சினன் ஒரு குடம் பிடித்து வந்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும் என்ற அறிவு எனக்கு இருந்தது. அதனால் மூடியைத் தொடாமல், மிகுந்த புத்திசாலித்தனத்தோடு, எஞ்சின் மேலேயே குடத்தைக் கவிழ்த்தேன்.

'ணிங்' என்று ஒரு சத்தம். கோயில் மணியின் கடைசி ஓசை மாதிரி, மெல்லிசாக.

கொல்லிமலையில் ஒரு பாவை உண்டு, அவள் சிரித்தே ஆளைக் கொல்வாள் என்று பழங்கதை. அன்று அவள் என் எஞ்சினில் சிரித்தாள். வார்ப்பிரும்புச் சுவரில், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில், நாலு விரல்கடை நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு. இரண்டு முனையும் லேசாக மேலே வளைந்திருந்தது. அதன் ஓரமாகத் தண்ணீர் கசிந்தது.

இறங்கும்போது எஞ்சினுக்கு அவ்வளவு சுமை இல்லை. அதனால் நன்றாக ஆறவிட்டு, மூன்று வளைவுக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இறங்கினோம். அறப்பளீஸ்வரருக்கு அன்று அபிஷேகம் நடந்ததோ இல்லையோ, அம்பாசிடருக்கு நடந்தது.

இப்போது அந்த வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் 31 வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். 'சூடான தடித்த கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றினால் என்ன நிகழும்? ஏன்?' என்று வருடம் தவறாமல் கேள்வி கொடுத்தவன். இரண்டு மதிப்பெண். ஒரு பக்கம் சட்டென்று சுருங்கும், மறுபக்கம் விரிந்தபடியே இருக்கும், இழுபறியில் விரிசல் விடும் என்று எழுத வேண்டும். இதைத்தான் நான் மலைமேல் குடும்பத்தார் முன்னிலையில் செய்முறையாக விளக்கியிருந்தேன். இந்த நிலையில் எந்தப் பட்டறைக்குப் போவது? ஊரில் பாதி மெக்கானிக்குகள் என் மாணவர்கள்.

அதனால் வீட்டு வைத்தியம். முதலில் மஞ்சள். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள்தூளைப் போடு என்பது லாரி ஓட்டுநர்களின் பரம்பரை வைத்தியம். தூள் ஊறி உப்பி, ஊசித்துளையைப் போய் அடைத்துக்கொள்ளும். ஊசித்துளைக்குச் சரி. என் எஞ்சினிலோ பாவை மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, முன்னிலும் லட்சணமாகச் சிரித்தாள். சமையல் மஞ்சளை எடுத்ததற்கு உள்ளே தனியாக ஒரு விசாரணை நடந்தது.

அடுத்தது முட்டை. நாமக்கல்லில் எந்த நோய்க்கும் முட்டையைக் கேட்காமல் மருந்து சொல்ல மாட்டார்கள். "வெள்ளைக்கரு சூட்டுல இறுகுமுங்க, ஓட்டைய அப்படியே அடைச்சுப்போடும்" என்றார் கோழிப்பண்ணை வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரர். அறிவியல்படி அதில் பிழை இல்லை. வெள்ளைக்கரு 60 டிகிரிக்கு மேல் இறுகத் தொடங்கும். எஞ்சின் தண்ணீர் 80-ஐச் சாதாரணமாகத் தொடும். ஆனால் 'விரிசலில் மட்டும் இறுகு' என்று முட்டைக்கு யார் சொல்வது? ஆறு முட்டையும் ரேடியேட்டர் குழாய்களில் இறுகின. தெரு முழுக்க ஆம்லெட் வாசனை. நாய்கள் இரண்டு நாள் பானட்டை விட்டு நகரவில்லை.

மூன்றாவதாக, இரண்டு நிறத்தில் வரும் பசையைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து அப்பினேன். கல் மாதிரி இறுகியது. மறுநாள் எஞ்சின் சூடானதும் அடை மாதிரி முழுசாகக் கழன்று என் காலில் விழுந்தது. நாற்பது வருட எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அப்பினால், பசை பிசுக்கைத்தான் பிடித்துக்கொள்ளும், இரும்பை அல்ல.

நாலாம் நாள் சாயங்காலம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. லேத்து பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன். என் மனைவிதான் போன் போட்டிருக்கிறாள்.

"என்னங் சார் ஆச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா. லேசா ஒரு கோடு."

அவன் பதில் பேசாமல் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். கறுப்பாக இருந்தது. "டிகாஷனா இருக்குதுங் சார், பொழச்சீங்க. பால் காபியா இருந்தா தண்ணி ஆயில்ல கலந்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் பிளாக்கையே பழைய இரும்புக்குத்தான் போடோணும். இது வெளிச் சுவர்தானுங்க." பிறகு மெதுவாகக் கேட்டான்: "சூட்டோட தண்ணி ஊத்துனீங்களாங் சார்?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"பத்தாவதுல அந்த டம்ளர் கேள்விக்கு 'தெரியாது, செய்து பார்க்க வேண்டும்'னு எழுதி வச்சேனுங். முட்டை போட்டீங்க."

"ஞாபகம் இருக்கு."

"செஞ்சு பாத்துட்டீங்களே சார்" என்றான். கேலியே இல்லாமல், உண்மையான மரியாதையோடு சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

"வெல்டிங் வச்சிடலாமா?" என்று பேச்சை மாற்றினேன். தலையாட்டினான். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரி. சாதா ராடை வைத்து ஓர் இடத்தை மட்டும் சுட்டால், பற்று நிற்கும், பக்கத்தில் புதிதாக விரியும். செய்வதென்றால் நிக்கல் ராடு வேண்டும். பிளாக்கை மொத்தமாகக் கழற்றிச் சூடேற்ற வேண்டும். ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக வைத்து, தட்டிக் கொடுத்து, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். "பிரசவம் பாக்குற மாதிரிங் சார். நாம தையல் போட்டுக்கலாம்."

முதல் வேலை, விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது. கண்ணுக்குத் தெரிவதைவிட அது நீளமாகத்தான் இருக்கும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, "சாக்பீஸ் இருக்குதுங்களா?" என்றான். ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டில் அது மட்டும் குறைவில்லை. பொடித்துப் பூசினோம். விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே ஊறி, வெள்ளைப் பொடியில் கோடு கிழித்துக் காட்டியது. நாலு விரல்கடை, ஆறு விரல்கடையாக நின்றது. 31 வருடம் கரும்பலகையில் நான் போட்ட கோடு எதுவும் இவ்வளவு தெளிவாக எனக்கு எதையும் உணர்த்தியதில்லை.

இரண்டு முனையிலும் சின்னதாக ஒரு துளை. விரிசலின் கூர்முனை வட்டத்தில் வந்து விழுந்தால், மேலே கிழித்துக்கொண்டு போக அதற்குப் பிடி இருக்காது. பிறகு தையல். கோட்டின் மேல் 5 மில்லிமீட்டர் துளை போட்டு, 6 மில்லிமீட்டர் டேப்பால் மரை வெட்டி, மரைக்கம்பியைப் பசை தடவி முறுக்கி, அறுத்து, தலையை லேசாகத் தட்டவேண்டும். அடுத்த துளையைப் பக்கத்தில் போடக் கூடாது. போட்ட கம்பியின் ஓரத்தையும் கொஞ்சம் கடித்துக்கொண்டு போடவேண்டும். இப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கடைசியில் விரிசல் இருந்த இடமெல்லாம் கம்பியாகிவிடும். மொத்தம் 26 தையல்.

இரண்டு செய்து காட்டிவிட்டு, "மிச்சத்த நீங்களே பண்ணுங் சார். அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. அவசரப்பட்டா டேப்பு ஒடைஞ்சுரும்" என்று கிளம்பிவிட்டான். வீட்டுப்பாடம்.

வார்ப்பிரும்பைத் துளைத்தால் சுருள் சுருளாக வராது. கரி உள்ளே செதில் செதிலாக இருப்பதால், கறுப்பு மாவாகக் கொட்டும். முதல் நாள் மூன்று தையல். இரண்டாம் நாள் நாலு. மூன்றாம் நாள் கை பழகிவிட்டது என்று நினைத்து, முன்னால் முக்கால், பின்னால் ஒன்றும் இல்லை. டேப் உடைந்து துளைக்குள்ளேயே தங்கிவிட்டது. டேப்பின் எஃகு, துளையிடும் பிட்டையே மழுக்கிவிடும். சிறு உளியால் துணுக்குத் துணுக்காக அதை வெளியே எடுக்க அன்றைய பொழுது போயிற்று. மனைவி காபியை வைத்துவிட்டு, "பின்னால கால் சுத்துன்னு அந்தத் தம்பி சொல்லுச்சுல்லங்க" என்றாள்.

ஒன்பதாம் நாள் 26-ஆவது தையல் முடிந்தது. அரத்தால் தேய்த்து, இந்த முறை பிசுக்கெல்லாம் போக்கி, மேலே பசை பூசினோம். முட்டை இறுகிய ரேடியேட்டரைப் பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து வந்தவன், முகத்தில் எதையும் காட்டாமல் மாட்டினான். தண்ணீர் நிரப்பி எஞ்சினைப் போட்டோம். தெருவே குனிந்து பார்த்தது. பத்து நிமிடம் கழித்துப் பன்னிரண்டாம் தையலில் ஒரே ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. என் முகம் சுருங்கியதைப் பார்த்து, "அதைத் துருவே அடைச்சுக்குமுங் சார், விடுங்க" என்றான். இரண்டே நாளில் அடைத்துக்கொண்டது.

கூலி வாங்க மறுத்துவிட்டான். உடைந்த டேப்புக்கான காசை மட்டும் எடுத்துக்கொண்டான். அந்த இரண்டு மதிப்பெண்ணைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கார் ஓடுகிறது. இந்த மாசியில் மறுபடியும் கொல்லிமலைக்குப் போனோம். 43-ஆம் வளைவில் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நிறுத்தினேன். ஆயாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வண்டியைத் தெரிந்தது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையில் எஞ்சின் கொதித்தால் அணைத்துவிட்டு, பானட்டைத் தூக்கி வைத்து, அரை மணி நேரம் சும்மா இருங்கள். முழுசாக ஆறியபின் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரை ரேடியேட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அந்த அரை மணி நேரத்தை எப்படிப் போக்குவது என்று கேட்டால், கொல்லிமலை அன்னாசி ஒன்றை வாங்கிச் சாப்பிடலாம். பன்னிரண்டு துண்டு வரும்.