ஆயில் அண்ணா

மைசூர் ஹெப்பாள் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இன்ஃபோசிஸ் வளாகம்தான் ஞாபகம் வரும். அதை ஒட்டி ஒரு தொழிற்பேட்டையும் இருக்கிறது. தொழிற்பேட்டை இருந்தால் ஷிஃப்ட் இருக்கும். ஷிஃப்ட் இருந்தால் பைக் இருக்கும். பைக் இருந்தால் பட்டறை இருக்கும். பட்டறை இருந்தால் அதன் வாசலில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல், ஆயில் அண்ணா இருப்பார்.

அவர் மெக்கானிக் இல்லை. முதலாளி இல்லை. வண்டி விட வந்தவரும் இல்லை. பட்டறைக்கும் அவருக்கும் சட்டபூர்வமான உறவு எதுவும் கிடையாது. ஏதோ ஒரு கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கியவர், தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். மெக்கானிக் பாயிடம் கன்னடம், தமிழ்ப் பையன்களிடம் தமிழ், இன்ஜினிடம் மட்டும் மௌனம். காதைச் சாய்த்துக் கேட்பார், பேசமாட்டார். கட்டணம் பாதி காபி. கர்நாடகத்தில் ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தரும் ‘பை-டூ’ என்ற ஏற்பாடே இவரைப் போன்றவர்களை உத்தேசித்து வந்ததுதானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பயிற்சிக்கு வந்த மதுரைப் பையன் ஒருவன் பழைய பல்சர் 150 ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். “பாய், ஆயில் மாத்தணும்.” பாய் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவிடுகிறார். காரியம் இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வாளி மேலிருந்து குரல் வருகிறது.

“எந்த ஊரு தம்பி? மதுரையா? சரி, என்ன கிரேடு போடறே?”

பையன் அப்பாவியாக, “எது நல்லதோ அது, அண்ணா” என்கிறான். போயிற்று.

“நல்ல ஆயில்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. 20டபிள்யூ-50ன்னு போட்டிருக்கு பார். முதல் நம்பர் குளிருக்கு, ரெண்டாவது நம்பர் சூட்டுக்கு. 20டபிள்யூன்னா மைனஸ் பதினஞ்சு டிகிரில சோதிப்பான். 10டபிள்யூன்னா மைனஸ் இருபத்தஞ்சு. அம்பதுங்கிறது, நூறு டிகிரில எவ்வளவு கெட்டியா நிக்குதுங்கிறது.”

மைசூரில் மார்கழிக் காலையில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் இந்த ஊர் பூஜ்யத்துக்குக் கீழே போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. கணக்குத் தெரிந்த பையன் அதைக் கேட்டேவிடுகிறான். அண்ணா அசரவில்லை.

“நாளைக்கு நீ லடாக் போனா?”

பைக் வைத்திருக்கும் எந்த இளைஞனும் இதற்குப் பதில் சொன்னதில்லை. எல்லோர் மனதிலும் ஒரு லடாக் இருக்கிறது.

அடுத்தது கிளட்ச். இந்த இடத்தில் அண்ணா எழுந்து நிற்பார், விஷயம் அவ்வளவு முக்கியம். காரில் இன்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர் பாக்ஸுக்கு வேறு எண்ணெய், கிளட்ச் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். இன்றைய பைக்குகளில் பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கிளட்ச் தட்டுகள் அதிலேயே முழுகிக் கிடக்கின்றன. மைலேஜுக்காக வழுக்கும் சரக்கு சேர்த்த கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றினால் பிடிக்கவேண்டிய தட்டும் வழுக்கும். அண்ணன் காருக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததே என்று ஊற்றிவிட்டுச் சாமுண்டி மலை ஏறியவன் கதையை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இறங்கி நடந்து இவனுக்கு முன்னால் நந்தியிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கேட்ட ஒவ்வொரு தடவையும் அந்த மனைவி இன்னும் சீக்கிரமாகப் போய்ச் சேர்கிறாள்.

“அதுக்குத்தான் ஜப்பான்காரன் 1998ல ஜாஸோன்னு ஒரு தரம் கொண்டுவந்தான். டப்பாவைத் திருப்பு. எம்ஏன்னு இருக்கா? எம்ஏ2ன்னா கிளட்ச் இன்னும் நல்லாப் பிடிக்கும். எம்பி வேண்டாம், அது ஸ்கூட்டருக்கு. ஸ்கூட்டர் கிளட்சுக்கு ஆயில்ல குளியல் கிடையாது.”

“நான் பி.இ., அண்ணா” என்கிறான் பையன். அண்ணா சிரிக்கமாட்டார்.

இத்தனை ஞானமும் ஒரே ஓர் இடத்தில் சறுக்கும். அண்ணா ஆயிலை விரலால் பரிசோதிப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டைத் தேய்த்து, கண்ணை மூடி, மூக்கருகே கொண்டுபோய், “நாற்பது” என்பார். நூறு டிகிரிச் சூட்டில் அளக்கவேண்டியதைப் பட்டறை வாசல் நிழலில் விரல் எப்படி அளக்கும் என்று நான் கேட்டதில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் கேட்கத் தோன்றாது.

சிந்தெடிக்கா, மினரலா என்று யாராவது எடுத்துவிட்டால் அமெரிக்காவுக்கே போய்விடுவார். மிக நன்றாகச் சுத்திகரித்த கச்சா எண்ணெய்ச் சரக்கைச் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று மொபில் கம்பெனி காஸ்ட்ரால் மேல் புகார் கொடுத்தது; விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பு 1999இல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நடந்த கதைதான். ஆனால் அண்ணா அதைச் சொல்லும்போது சொத்து வழக்கில் தோற்ற சித்தப்பா போலக் குமுறுவார். தீர்ப்பால் அவருக்கு என்ன நஷ்டம் என்பதுதான் விளங்காது.

ஏனென்றால் அவர் ஓட்டுவது எஸ்டி ரோட்கிங். டூ ஸ்ட்ரோக்! அதன் கிராங்க் கேஸில் ஊற்றுவதற்கென்று எண்ணெயே கிடையாது. பெட்ரோலோடு 2டி ஆயிலைக் கலந்துவிட்டால் அதுவே உள்ளே போய் வேலை பார்த்துவிட்டுப் புகையாக வெளியேறிவிடும். கிரேடு தேர்ந்தெடுக்கும் தொல்லையே இல்லாத வண்டிக்காரர்தான் ஹெப்பாளுக்கே கிரேடு சொல்கிறார். சுட்டிக்காட்டினால், “கியர் பாக்ஸுக்குத் தனியா ஆயில் இருக்கு தெரியுமா?” என்று அதற்கு ஒரு பிரசங்கம்.

அந்த வண்டி இங்கிருந்து அதிக தூரமில்லாத யாதவகிரியில் பிறந்தது. ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961இல் வண்டி விட ஆரம்பித்து, 1973இல் எஸ்டி என்று பெயர் மாற்றி, 1996இல் மூடியது. தன் அப்பா அங்கே வேலை பார்த்தார் என்பார் அண்ணா. சில நாள் அது மாமாவாகிவிடும். கிக்கரையே மடக்கிக் கியர் லீவராக்கும் அந்த வித்தையை வேண்டியவர்களுக்கு மட்டும் செய்து காட்டுவார். ஜூலையில் ஜாவா தினம் வரும்போது அண்ணாவைப் பட்டறையில் பார்க்கமுடியாது. நீலப் புகைக்கு நடுவே எங்கேயோ இருமிக்கொண்டிருப்பார்.

பையனை மறந்துவிட்டோமே. பாய் வடிகால் போல்ட்டைக் கழற்றியிருக்கிறார், பழைய ஆயில் தட்டில் விழுகிறது. “இவ்ளோ கறுப்பா இருக்கே!” என்று பையன் பதறுகிறான். “கறுக்கலைன்னாத்தான் கவலைப்படணும். அழுக்கைத் தூக்கிட்டு வர்றதுதானே அதோட வேலை” என்கிறார் அண்ணா. இது முழு உண்மை. பிறகு நெற்றியைச் சுருக்கி, யோசித்து, தீர்ப்பு: “20டபிள்யூ-50 போடு பாய்.”

பாய் ஆரம்பத்திலேயே எடுத்து வைத்த டப்பா அதுதான். கம்பெனி கொடுத்த புத்தகத்தில் அச்சிட்டிருப்பதும் அதுதான். ஸ்பிளெண்டர்காரனுக்கு 10டபிள்யூ-30, புல்லட்காரருக்கு 15டபிள்யூ-50 என்று அண்ணா யாருக்குச் சொன்னாலும் கடைசியில் அந்தந்தப் புத்தகத்தில் உள்ளதைத்தான் சொல்வார். தப்பாகச் சொல்லவே மாட்டார், சுருக்கமாகவும் சொல்லமாட்டார். புத்தகத்தைப் பார் என்று மட்டும் ஒருநாளும் அவர் வாயிலிருந்து வராது. வந்தால் பாதி காபி யார் வாங்கித் தருவார்கள்?

ஊற்றி முடிந்ததும் காலி டப்பாவை வாங்கி ஸ்க்ரூ டிரைவரால் ரெண்டு குத்து குத்துவார். போலி ஆயில்காரன் எடுத்துப்போய் நிரப்பிவிடக் கூடாதாம். ஊர் முழுக்க இவரைப் போல நாலு பேர் இருந்தால் அந்தத் தொழிலே படுத்துவிடும்.

தசராவில் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவருக்கு உச்ச சீசன். எலுமிச்சம்பழத்துக்கு முன்னால் புது ஆயில் என்று வண்டிகள் வரிசையில் நிற்கும். அண்ணா வாளியிலிருந்து இறங்கவே மாட்டார். போன சீசனில் ஒரு பெண் மின்சார ஸ்கூட்டரில் வந்து நின்றாள், காற்றடிக்க. பாய்க்குக் குறும்பு. “அண்ணா, இதக்கே யாவ ஆயில் ஹாக்கோது?” இதற்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று கன்னடத்தில் கேட்டுவிட்டார்.

பட்டறையே திரும்பிப் பார்த்தது. இன்ஜின் இல்லை, கிளட்ச் இல்லை, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். அண்ணா குனிந்து அடியில் பார்த்தார், சுற்றி வந்தார், ஹேண்டிலைப் பிடித்து முன்பக்கத்தை இரண்டு தடவை அமுக்கினார். அது ஒரு முனகலோடு எழுந்தது.

“ஏம்மா, ஃபோர்க் ஆயில் எப்ப மாத்தினே?”

“ஃபோர்க்குல ஆயில் இருக்கா, அங்கிள்?”

அண்ணா வாளியை ஒரு முறை துடைத்துவிட்டு உட்கார்ந்தார். “பாய், ரெண்டு பை-டூ சொல்லு.”