திருகோணமலையில் வீட்டுவேலையின் பாரம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

மூன்றாம் தரத்துப் பிள்ளையின் வீட்டுவேலை, பிள்ளையின் வயதைப் பொறுத்துக் கூடுவதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களின் தொகையைப் பொறுத்தே கூடுகிறது. இக்கட்டுரை நிறுவ வந்த துணிபு இதுவே.

முன்னோடி ஆய்வு ஒன்றுண்டு. கிடைக்கும் நேரமெல்லாம் நிரம்பும்வரை வேலை பெருகிக்கொண்டே போகும் என்று 1955இல் எழுதினார் நோர்த்கோட் பார்க்கின்சன். அவர் காட்டிய சான்று பிரித்தானியக் கடற்படை. 1914க்கும் 1928க்கும் இடையில் அதன் பெரிய போர்க்கப்பல்கள் 62இலிருந்து 20ஆகக் குறைந்தன. தலைமையக அலுவலர்களோ 2,000இலிருந்து 3,569ஆகப் பெருகினர். அதே கடற்படைதான் 1957இல் எங்கள் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனது. கப்பல்களைக் கொண்டுபோனவர்கள் பார்க்கின்சனின் இந்த விதியை இங்கேயே விட்டுவிட்டார்கள் என்பது என் ஊகம். மறுப்பவர்கள் பின்னேரம் ஆறு மணிக்கு உவர்மலைப் பக்கம் ஏதாவதொரு வீட்டை எட்டிப் பார்க்கலாம்.

அங்கே நடப்பது இது. சுற்றாடல் பாடத்துக்கு ஐந்து வகை இலை ஒட்டிக்கொண்டு வரவேண்டும். பிள்ளைக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஞாபகம் வரும். அம்மா டோர்ச்சோடு வளவுக்குள் இறங்குவார். அப்பா பிறிஸ்டல் போட் வாங்க மோட்டார்சைக்கிளை எடுப்பார். அம்மம்மா பூவரசம் இலையின் மருத்துவக் குணங்களை விளக்குவார். மாமி மூன்று நிறப் பேனையால் தலைப்பு எழுதுவார். சித்தப்பா போனில் தாவரவியற் பெயர் தேடுவார். அதை யாரும் கேட்கவில்லை. ஆய்வுக்குரிய பிள்ளை இதற்குள் நித்திரை. மறுநாள் “மிக நன்று” போட்ட ரீச்சர், வகுப்பின் திறமையைக் கண்டு அடுத்த ஒப்படைக்குப் பத்து இலை கேட்பார். அவரில் பிழையில்லை. அவர் திருத்தியது எட்டு வயதுப் பிள்ளையின் வேலையையல்ல, ஒரு குடும்பத்தின் வேலையை.

(செய்யாத வேலைக்கு மேல்நாட்டுப் பிள்ளைகள் நாயின்மேல் பழிபோடுவார்களாம். எங்கள் நகரில் வீதியெல்லாம் புள்ளிமான்கள் திரிந்து, குப்பையில் கண்டதையும் தின்னுகின்றன. எனவே “மான் தின்றிட்டுது, ரீச்சர்” என்பதை எடுத்த எடுப்பில் பொய்யென்று தள்ளிவிட முடியாது. இது தனி ஆய்வுக்குரியது.)

புலமைப்பரிசில் பரீட்சை இருப்பது ஐந்தாம் தரத்தில். பயம் மூன்றாம் தரத்திலேயே பிடித்துக்கொள்கிறது. ரியூசன் கொப்பியும் மாதிரி வினாத்தாளும் அதே மேசையில் ஏறுகின்றன. முன்னாள் கல்வியமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி, வசதியில்லாத பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறக்க வந்தது. அந்தக் கதவருகே இப்போது பெற்றோர்தான் முண்டியடிக்கிறோம்.

இந்தப் பாரத்தைக் குறைக்க முயன்ற அரசுகளும் உண்டு. கலிபோர்னியா 1901இல் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு வீட்டுவேலையையே தடைசெய்தது, சட்டம் நிலைக்கவில்லை. சீனா 2021இல் முதலிரு தரங்களுக்கும் எழுத்து வீட்டுவேலை கூடாதென்றது. தடைவரை போகாதவர் அமெரிக்க உளவியலாளர் ஹரிஸ் கூப்பர். ஆரம்ப வகுப்புகளில் வீட்டுவேலைக்கும் பெறுபேற்றுக்கும் உள்ள தொடர்பு மெலிது என்று கண்ட அவர், தரமொன்றுக்குப் பத்து நிமிடம் என்ற அளவை ஆதரித்தார். அதன்படி மூன்றாம் தரத்துக்கு முப்பது நிமிடம்.

ஆகவே பெற்றோரே, மணிக்கூட்டைப் பாருங்கள். அரை மணித்தியாலம் முடிந்ததும் கொப்பியை மூடி, “இவ்வளவுதான் பிள்ளை செய்தது” என்று கீழே எழுதிக் கையொப்பம் வையுங்கள். ரீச்சருக்கு வேண்டிய தகவல் அதுதான். சித்தப்பாவை மட்டும் அந்த நேரத்தில் கடற்கரைக்கு அனுப்பிவிடுங்கள்.